ஆள் பார்த்துக் குரைக்கும் நாய்

"எங்க லேப் ஆளப் பாத்துத்தானுங்க குலைக்கும்." திருப்பூரின் வசதியான வீடுகளில் பெருமையோடு சொல்லப்படும் பேச்சு இது. ஆடிட்டர் வந்தால் வாலாட்டுகிறது. பையிங் ஆபீஸ்காரர் வந்தால் காலடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கட்டிங் வேஸ்ட் மூட்டை எடுக்க வருகிறவர் கேட்டில் கை வைத்தால் மட்டும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி பாய்ந்து குரைக்கிறது. நல்லவர் யார், கெட்டவர் யார் என்று நாய்க்கு மோப்பத்திலேயே தெரிந்துவிடும் என்று அதற்கு ஒரு விளக்கமும் தருகிறார்கள்.

அந்த விளக்கம் உண்மையல்ல. ஒருவரின் யோக்கியதை நாய்க்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பழகிய உருவம், பழகாத உருவம் என்ற இரண்டுதான். எந்த உருவம் பழகியது என்பதை முடிவு செய்தவர்கள் அந்த வீட்டுக்காரர்கள். அந்த முடிவை எடுத்த காலத்தையும் கணக்கிட்டுச் சொல்லலாம்: குட்டி பிறந்து மூன்றாவது வாரம் தொடங்கி ஏறக்குறைய 14ஆவது வாரம் வரை. மூட்டை தூக்குகிறவரைப் பார்த்து நாய் குரைக்கிறது என்றால், அந்த 14 வாரத்துக்குள் அவரைப் போன்ற ஒருவர்கூட அந்த வீட்டின் கேட்டைத் தாண்டி வந்து உட்காரவில்லை என்று பொருள். நாயின் குணத்தைப் பற்றி அந்தக் குரைப்பு சொல்வது கொஞ்சம்தான். வீட்டைப் பற்றி நிறையச் சொல்கிறது.

லேப்ரடார் காவலுக்காக உருவான இனமே இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு படகில் போய், வலையிலிருந்து நழுவிய மீனைக் குளிர்ந்த கடலில் குதித்து எடுத்து வந்த நாய்களின் வாரிசு அது. விரல்களுக்கிடையே சவ்வு, தண்ணீர் ஒட்டாத எண்ணெய்ப் பசையுள்ள ரோமம், துடுப்புப் போன்ற தடித்த வால் எல்லாம் அந்தக் கடல் வாழ்க்கையின் மிச்சம். மீன்பிடிக் கப்பல்களோடு இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்த அந்த நாய்களை மால்ம்ஸ்பரி, பக்ளூ பிரபுக் குடும்பங்கள் வளர்த்துப் பெருக்கின. 1903இல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக அங்கீகரித்தது. சுட்டு வீழ்த்திய பறவையைப் பல் படாமல் கவ்விக் கொண்டுவந்து கையில் கொடுப்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. புதிய மனிதரைக் கண்டால் சந்தேகப்படாமல் ஓடிப்போய் உறவாடும் குணத்துக்காகவே தலைமுறை தலைமுறையாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களாக உலகம் முழுவதும் லேப்ரடார்கள் பழக்கப்படுவதற்கும் அந்தக் குணம் ஒரு முக்கியக் காரணம். இப்படிப்பட்ட ஒரு நாய் ஏழைகளை மட்டும் பொறுக்கியெடுத்துக் குரைக்கிறது என்றால், அதன் ரத்தத்தில் இல்லாத ஒன்றை யாரோ மெனக்கெட்டு உள்ளே ஏற்றியிருக்கிறார்கள்.

எப்படி ஏற்ற முடியும் என்பதற்கு 1961இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் ஆய்வகத்தில், ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் நாய்க்குட்டிகளைத் தாயோடு உயர வேலி போட்ட நிலத்தில் வளர்த்தார்கள். மனித முகமே அவற்றின் கண்ணில் படாது. பிறகு ஒவ்வொரு குட்டியையும் ஒவ்வொரு வயதில் எடுத்து, ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டு, மீண்டும் வேலிக்குள் விட்டார்கள். ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது வாரங்களில் மனிதரைச் சந்தித்த குட்டிகள் பிறகும் மனிதரை நோக்கி வந்தன. 14 வாரம் வரை மனித வாசனையே படாமல் வளர்ந்தவை காட்டு விலங்குகளைப் போல அஞ்சி ஓடின. பிறகு எவ்வளவு முயன்றும் அந்த அச்சத்தை முழுமையாகப் போக்க முடியவில்லை. அதே ஆய்வகத்தின் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் பல ஆண்டு ஆராய்ந்து 1965இல் எழுதிய நூலுக்குப் பிறகு, நாய் வளர்ப்பு பற்றிப் பொறுப்போடு பேசும் எவரும் இந்தக் காலத்தைத் தவிர்த்துப் பேசுவதில்லை.

இந்தியச் சட்டமும் இங்கே வந்து நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. விதியை மதித்து வாங்குகிறவருக்கு 8ஆவது வாரத்திலிருந்து 14ஆவது வாரம் வரை, ஏறத்தாழ ஆறு வாரம் மிச்சம் இருக்கிறது. அந்த ஆறு வாரத்தில் குட்டி எதைப் பார்க்கிறது, எதைக் கேட்கிறது, யார் கையால் தின்கிறது என்பதுதான் அதன் மீதி வாழ்நாளை எழுதுகிறது.

அவிநாசி ரோட்டிலோ மங்கலம் ரோட்டிலோ ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் வீட்டுக்குக் குட்டி வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுயரக் காம்பவுண்டு, இரும்பு கேட், உள்ளே டைல்ஸ் தரை. பார்வோ வைரஸ் பயம் இருப்பதால் தடுப்பூசித் தவணை முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம் என்கிறார் கால்நடை மருத்துவர். அவர் சொல்வது சரி. 1978 வாக்கில் உலகுக்குத் தெரியவந்த அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கில் குட்டிகளைக் கொன்றுவிடும். ஆனால் தெருவில் இறக்க வேண்டாம் என்றால் மனிதரைக் காட்ட வேண்டாம் என்று பொருளல்ல. குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு தெருமுனை வரை போகலாம். மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்து, ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலைக் காட்டலாம். எத்தனை வீடுகளில் இதைச் செய்கிறார்கள்? குட்டி பார்ப்பது அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கார், டிவி. வேலைக்கு வரும் அக்காவைப் பார்க்கிறது. ஆனால் அவர் பாத்திரம் கழுவிவிட்டுப் பின்கட்டு வழியாகவே போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வருகிறார்கள். எல்லாரும் ஒரே சாதி, ஒரே உடை, ஒரே சென்ட்.

இந்த ஊரின் ஜனங்களோ வேறு. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர்கள், கட்டிங் மாஸ்டர்கள், கைமடித்துக் கொடுக்கும் பிள்ளைகள், செக்கிங் பெண்கள், ஸ்டீம் அயர்ன் புகையில் நிற்கிறவர்கள், பேக்கிங் ஆட்கள், சாயப்பட்டறையிலிருந்து ஈரம் காயாத கையோடு வெளியே வருகிறவர்கள், துணி ரோல் ஏற்றிய டெம்போவை ஓட்டுகிறவர்கள், மஞ்சள் மேலுடை போட்ட தூய்மைப் பணியாளர்கள், காதர்பேட்டைக்கு செகண்ட்ஸ் மூட்டை சுமக்கிறவர்கள். தேனி, மதுரை, புதுக்கோட்டைப் பேச்சு. ஒடியா, போஜ்புரி, இந்தி. ஹெல்மெட், முகத்தைச் சுற்றிய துணி, பர்தா, முதுகில் தொங்கும் பை. திருப்பூர் என்பது இவர்கள்தான். குட்டி திருப்பூரில் வளர்கிறது. திருப்பூரைப் பார்க்காமல் வளர்கிறது. ஒரு வெள்ளைச் சட்டைக்காரரோடு பழகிய குட்டி எல்லா மனிதரோடும் பழகிவிட்டதாக ஆகாது. ஹெல்மெட் தலை அதற்குத் தனி உருவம். தலையில் மூட்டை வைத்த மனிதன் தனி உருவம். கைத்தடி ஊன்றி வரும் கிழவர் தனி உருவம். ஒவ்வொன்றையும் தனித்தனியே, நிதானமாக, வாயில் ஒரு துண்டுத் தீனியோடு அறிமுகப்படுத்த வேண்டும்.

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 2012இல் இத்தாலியின் மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளாஸ்டிக் நாடாக்கள் கட்டிய மின்விசிறி ஒன்றை நாய்களுக்குக் காட்டினார்கள். என்னவென்று புரியாத அந்தப் பொருளின் முன் பெரும்பாலான நாய்கள் திரும்பி வளர்ப்பவரின் முகத்தைப் பார்த்தன. வளர்ப்பவர் மகிழ்ச்சியாகப் பேசினால் அருகே போயின. பயந்த குரலில் பேசினால் விலகின. முகம் சுளித்தது, குரல் மாறியது, கயிற்றை இழுத்துப் பிடித்தது என எல்லாவற்றையும் நாய் படிக்கிறது. மாலை நடையில் எதிரே நான்கு வடமாநில இளைஞர்கள் பேசிக்கொண்டு வருகிறார்கள். குட்டியைப் பிடித்திருப்பவரின் விரல்கள் கயிற்றைச் சற்று இறுக்குகின்றன. அவருக்கே அது தெரியாது. குட்டிக்குத் தெரியும். இப்படி மனிதன் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஒன்றை அவன் நாய் தெருவில் சத்தம் போட்டுச் சொல்கிறது.

விலங்குகளுக்கு இது புதிதாகச் சுமத்தப்பட்ட வேலையல்ல. 1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்காமில், சம உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினச் சிறுவர் சிறுமியர்மீது காவல்துறை நாய்களை ஏவியது. அந்த நாய்களுக்கு நிறபேதம் தெரியாது. கயிற்றைப் பிடித்திருந்தவர்களுக்குத் தெரிந்தது. நம் பக்கத்துக் கதை அதைவிடப் பழையது. 1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து போன பெரியார் சிறைப்பட்டார். நாயும் பன்றியும் நடக்கிற தெருவில் மனிதன் நடக்கக் கூடாதா என்பது அந்தப் போராட்டம் எழுப்பிய கேள்வி. 1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் எடுத்தபோதும் அதே கேள்வி: மாடு குடிக்கலாம், மனிதன் குடிக்கக் கூடாதா? அன்று நாய் நடக்கலாம், அவன் நடக்கக் கூடாது. நூறாண்டு கழித்து, அவன் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை நாயிடமே கொடுத்திருக்கிறோம். சட்டம் போட்டுத் தடுக்க முடியாததை கேட்டும் குரைப்பும் தடுத்துவிடுகின்றன. குற்றம் சொல்லவும் முடியாது, அது நாய்தானே என்று சொல்லிவிடலாம். ஈரோட்டுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் வாழும் நாம், பெரியார் படத்தை ஆபீசில் மாட்டியிருப்பவர்கள் உட்பட, இதைப் பற்றி வெட்கப்பட வேண்டும்.

பழகாத உருவத்தின் மேலுள்ள அச்சம் மனிதரிடமும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. 2023 பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. திருப்பூர் ரயில் நிலையத்தில் ஊருக்குத் திரும்பத் தொழிலாளர்கள் குவிந்தார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் பார்த்தது. வதந்தி பொய் என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பொய் ஏன் அவ்வளவு சுலபமாக நம்பப்பட்டது? பல ஆண்டு ஒரே தையல் கூடத்தில் வேலை செய்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டதில்லை. ஒருவர் பிள்ளையின் பெயர் மற்றவருக்குத் தெரியாது. பழகியிருந்தால் ஒரு போன் செய்து, "அப்படியா நடந்துச்சுங்க?" என்று கேட்டிருப்பார்கள்.

லேப் குட்டியின் ஆட்டத்தையும் பேச வேண்டும். வளர்ப்பவர்கள் உண்மையில் தவிப்பது அதனால்தான். மூன்று நான்கு மாதக் குட்டி கையைக் கடிக்கும், சேலையைப் பிடித்து இழுக்கும், செருப்பைத் தின்னும், வருகிறவர்மேல் தாவும். 28 பால் பற்களும் ஊசிபோல் இருக்கும். அவை விழுந்து 42 நிலைப் பற்கள் முளைக்கும் ஆறாவது, ஏழாவது மாதம் வரை எதையாவது மென்றுகொண்டேதான் இருக்கும். அப்போது கூப்பிடப்படும் பயிற்சியாளர்கள் பலர் சொல்வது ஒன்றே: நீங்கதான் தலைவன்னு காட்டணும், கழுத்தைப் பிடிச்சுக் கீழ அழுத்துங்க, மூக்குல ஒரு தட்டு தட்டுங்க. ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அப்படித்தான் அடக்குவான் என்பார்கள்.

இந்தக் கருத்துக்கு மூலம், 1947இல் ருடால்ஃப் ஷென்கல் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வு. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்தால் அவை சண்டை போடுகின்றன. அதைத்தான் அவர் பார்த்தார். 1970இல் டேவிட் மெக் எழுதிய ஓநாய் பற்றிய நூல் அந்தத் தலைமைக் கொள்கையை உலகம் முழுக்கப் பரப்பியது. பிறகு அதே மெக் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைக்காலங்கள் இருந்து பார்த்தார். ஓநாய்க் கூட்டம் என்பது ஓர் அப்பா, ஓர் அம்மா, அவர்களின் பிள்ளைகள். சண்டையிட்டுத் தலைமை பிடித்தவர் யாரும் அங்கே இல்லை. 1999இல் தன் பழைய கருத்தைத் தானே மறுத்து எழுதினார். அறிவியலாளர் இப்படித் திருத்திக்கொள்வதுதான் பகுத்தறிவு. அவர் திருத்திக்கொண்டு கால் நூற்றாண்டு ஆகியும், அவர் கைவிட்ட கொள்கையைப் பிடித்துக்கொண்டு இங்கே குட்டியை அறைந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கொள்கை நம்மிடம் இவ்வளவு பலமாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் ஓநாயல்ல. அடியாத மாடு படியாது என்று வளர்ந்தவர்கள் நாம். பள்ளியில் பிரம்பு, வீட்டில் கரண்டி, கம்பெனியில் பீஸ் குறைந்தால் லைன் முழுவதும் கேட்கும்படி சூப்பர்வைசர் திட்டும் திட்டு. பயந்தால்தான் ஒழுங்கு வரும் என்ற நம்பிக்கையை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. லேப் குட்டியிடம் சோதித்துப் பார்க்கலாம், நாள் கணக்கில் பதில் கிடைக்கும். கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பி எழுந்து போய்விடுங்கள். நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சுங்கள்; தாவினால் கண்டுகொள்ளாதீர்கள். நன்றாகத் தூங்க விடுங்கள், தூக்கம் கெட்ட குட்டிதான் அதிகம் கடிக்கும். திருப்பூர் வெயிலில் தார் ரோடு பாதத்தைச் சுடும் என்பதால் காலை ஏழுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் நடக்கவிடுங்கள். அதன் பெரும்பசியையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல், ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாருக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதையும், அத்தகைய நாய்கள் உணவில் கூடுதல் நாட்டம் காட்டுவதையும் கண்டார்கள். உதவி நாய்களாகப் பழக்கப்பட்ட லேப்ரடார்களில் அந்த மாற்றம் இன்னும் அதிகமாக இருந்தது. ஒரு துண்டு கேரட்டுக்காக எதையும் கற்றுக்கொள்ளும் உயிரை ஏன் அடிக்க வேண்டும்? அடிபட்ட குட்டி கடிப்பதை நிறுத்தாது. உறுமி எச்சரிப்பதைத்தான் நிறுத்தும். பிறகு ஒருநாள் எச்சரிக்காமல் கடிக்கும்.

அப்படிக் கடிபடுவது யார்? வீட்டுக்காரர்களோடு அது பழகிவிட்டது; பழகாதவர்கள் வெளியிலிருந்து வருகிறவர்கள். கூரியர் கொடுக்க வந்தவர், தண்ணீர் கேன் போட வந்தவர், லாட் எடுக்க வந்த பையன். குட்டி தாவும்போது, "ஒண்ணும் பண்ணாதுங்க, பயப்படாதீங்க" என்று வாசலில் நின்று சிரிப்பவர்களைப் பார்க்கிறோம். அந்தப் பையனின் பயம் அறியாமையல்ல, கணக்கு. நாய்க்கடிக்கு அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்தான். ஆனால் தோலுக்குள் போடும் முறையில் கடித்த அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என நான்கு முறை போக வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் கூலி போகும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்து, "எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்குங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். இன்னும் சிலர் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் சாவு ஏறக்குறைய நிச்சயம். உலகில் ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்றும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்றும் மதிப்பிடப்படுகிறது.

நமக்கு மேலே, மலையில் குன்னூரில், 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். தென்னிந்தியாவில் அன்று தடுப்பூசி இல்லை. வடக்கே கசௌலிக்குத்தான் போக வேண்டும். ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் சாவு ஆட்சியாளர்களை உலுக்கியது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடையிலிருந்து வைஸ்ராய் கர்சன் ஒதுக்கிய பணத்தில் அந்த நிறுவனம் எழுந்தது. அதற்கு முன் கடிபட்டு இறந்த கூலிக்காரர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அப்படி ஒரு நிறுவனம் இருக்கும் மலைக்குக் கீழே இருந்துகொண்டு, கூலி போய்விடும் என்று ஒருவர் மூன்றாவது ஊசியை விடுகிறார் என்றால் அந்தப் பொறுப்பு நாயை வளர்த்தவருடையது. கடித்த உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். நான்கு தவணை நாட்களின் முழு ஷிப்ட் கூலியையும் தர வேண்டும். அது கருணையல்ல. விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம்.

குட்டி ஒரு வயதை நெருங்கும்போது, அடக்க முடியவில்லை என்று அதை பைபாஸ் ஓரத்திலோ நொய்யல் கரையிலோ இறக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். முதல் முறைக்கு அதிகபட்ச அபராதம் ஐம்பது ரூபாய். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், செத்த ஆடுகளைக் கொண்டுவந்து போட்டு விவசாயிகள் மறியல் செய்வதும் சமீப ஆண்டுகளில் நாம் பார்த்தது. 2025இல் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து உத்தரவுகள் போட்டபோது ஊரெல்லாம் வாதம் நடந்தது. தெருவில் நாய் எப்படி வந்தது என்ற கேள்வியை நல்ல சாதி நாய் வாங்குகிறவர்கள் தங்களைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளவில்லை.

தேய்பிறை அஷ்டமிக்கு பைரவர் வாகனம் என்று கறுப்பு நாயைத் தேடி ரொட்டி போடுகிறவர்களிடம் ஒன்றே கேட்கிறேன்: சனி தோஷம் நீங்க நாய்க்குச் சோறு போடத் தெரிந்த கை, செக்கிங் அக்காவுக்கு வீட்டு டம்ளரில் காபி கொடுக்க ஏன் தயங்குகிறது?

அந்த ஆறு வாரத்துக்குள் தொழிலாளர்களை வீட்டுக்குள் கூப்பிடுங்கள் என்கிறேன். இப்போது ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. தொழிலாளியை வீட்டுக்குக் கூப்பிட்டு, நாய்க்கு மனிதரைப் பழக்கும் கருவியாக வைத்துக்கொள்வதா? பன்னிரண்டு மணி நேரம் தைத்துவிட்டு வருகிறவர் உங்கள் குட்டிக்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டுமா? கூடாது. காம்பவுண்டுக்குள் நிற்கவைத்து, குட்டியைக் காட்டிவிட்டு அனுப்பினால் அது கூலியில்லாத இன்னொரு வேலை. நான் சொல்வது விருந்தாளியாகக் கூப்பிடுவதை. கொங்குப் பக்கத்து வீடுகளில் யார் வாசலோடு நிற்க வேண்டும், யார் திண்ணை வரை, யார் ஆசாரத்துக்குள் என்று எழுதாத எல்லை இருந்தது; புதிய பங்களாக்களில் திண்ணை போய்விட்டது, எல்லை போகவில்லை. குட்டி அடுப்படி வரை ஓடுகிறது. அதன் பின்னால் யாரெல்லாம் போக முடியும்?

பிள்ளைகளோடு கூப்பிட வேண்டும். குட்டிக்குக் குழந்தைகளைப் பழக்குவது முக்கியம் என்பது ஒரு காரணம், மற்றொன்று பெரியது. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது என்று விதி வந்த அதே 2017இல்தான் பெண்களுக்கு 26 வார மகப்பேறு விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் சட்டமாயின. பிரீடரிடம் போய்க் குட்டியின் வயதை வாரக்கணக்கில் விசாரித்து வாங்குகிற முதலாளிக்கு, தன் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் பெண் பிரசவமாகி எத்தனையாவது வாரத்தில் வேலைக்குத் திரும்பினார் என்று தெரியுமா? ஜாப் ஒர்க் கூடங்களில் வருகைப் பதிவில் பெயரே இல்லாமல் பீஸ் ரேட்டுக்கு உட்காரும் பெண்களுக்கு அந்த 26 வாரம் வெறும் காகிதம். அவருடைய பிள்ளை உங்கள் வீட்டுத் தரையில் உங்கள் குட்டியோடு உருண்டு விளையாடும் நாளில், அந்தக் கேள்வியைத் தவிர்ப்பது கடினமாகும். அதற்காகவே கூப்பிட வேண்டும்.

நாய் என்றால் பயப்படுகிறவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. குட்டியைக் கயிற்றில் பிடித்து, சற்றுத் தள்ளி உட்காரவைத்து, அவர்களாகக் கை நீட்டினால் மட்டும் அருகே விட வேண்டும். பயந்தவரின் மடியில் குட்டி தாவினால் இரண்டு பேரும் தவறாகக் கற்றுக்கொள்வார்கள்.

சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. இந்தக் குட்டிக்கு இன்று பத்து வாரம் என்றால் இன்னும் நான்கு ஞாயிறுகள் இருக்கின்றன. முதல் ஞாயிறு செக்கிங் பெண்கள் வரட்டும், பிள்ளைகளோடு. இரண்டாவது ஞாயிறு ஒடிசாப் பையன்களைக் கூப்பிடுங்கள். பேச மொழி இல்லாவிட்டாலும் அவர்கள் ஊரில் எந்த நாய் இருந்தது என்று போனில் படம் காட்டுவார்கள். மூன்றாவது ஞாயிறு டெம்போ டிரைவரும், வேஸ்ட் எடுக்க வருகிறவரும். நான்காவது ஞாயிறு குட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போங்கள், வேலம்பாளையமோ வீரபாண்டியோ, அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு. அங்கே அவர்கள் போடும் காபியைக் குடியுங்கள்.